ஐந்து முகங்களின் வரிசை

எங்கள் ஐந்து பேரில் யாருக்கும் யார் மேலும் நம்பிக்கை கிடையாது. அந்த வீடியோ கேம் பெட்டி குடோனுக்குள் நிலைத்ததற்கு அதுதான் காரணம். பொழுதுபோக்கு என்பதெல்லாம் பிறகு வந்தது.

வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். லாரியில் வரும் மூட்டைகளை இறக்கி உள்ளே அடுக்க வேண்டும். ஒரு லாரிக்கு ஐந்து இடம். இரண்டு பேர் லாரி மேல் நின்று மூட்டையை விளிம்புக்கு இழுத்து விடுவார்கள். இரண்டு பேர் அதை முதுகில் வாங்கிப் பலகை வழியாக உள்ளே சுமப்பார்கள். ஐந்தாவது ஆள் உள்ளே நின்று அட்டி போடுவான். அட்டி என்றால் மூட்டை மேல் மூட்டையாக, செங்கல் சுவர் போல ஒன்றோடு ஒன்று பூட்டிக்கொள்ளும்படி அடுக்குவது. இடுப்பு வரைக்கும் எவனும் அடுக்கிவிடுவான். மார்புக்கு மேல் போனால்தான் ஆள் தெரியும். ஐம்பது கிலோ மூட்டையைத் தலைக்கு மேல் தள்ளி, உள்ளே குத்தி உட்கார வைக்க வேண்டும். முந்நூறு மூட்டைக்கு ஒரே ஆள்.

இடம் ஒவ்வொரு லாரிக்கும் மாறும். இந்த லாரிக்கு அட்டி போட்டவன் அடுத்த லாரிக்கு வண்டி மேல் ஏறிவிடுவான், மற்றவர்கள் ஒரு இடம் முன்னால் நகர்வார்கள். இதற்குப் பெயர் முறை. முறையில் பெரியவன் சின்னவன் கிடையாது, காய்ச்சல் கிடையாது, வீட்டில் சாவு என்பதுகூடக் கிடையாது. ஐந்து இடத்திலும் நிற்க முடிந்தவன்தான் கேங்கில் ஆள். ஒரு இடத்தில் நிற்க முடியாவிட்டாலும் அவன் போக வேண்டியதுதான். நான் வந்ததே அப்படிப் போன ஒருத்தன் இடத்துக்கு. குடல் இறங்கிவிட்டது அவனுக்கு. மத்தியானம் அவன் போனான், மறுநாள் காலை நான் வந்தேன். அன்றைக்கு எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை.

கேங்குக்குத் தலை கொக்கி. மூட்டை இழுக்கும் கொக்கியை அவர் இடுப்பிலிருந்து கழற்றி யாரும் பார்த்ததில்லை. "அண்ணி பாவம்டா" என்பான் ஊமை. ஊமை என்றால் வாய் மூடாதவன். டாக்டர் ஒரு மருந்துக்கடையில் ஆறு மாதம் அட்டைப்பெட்டி உடைத்தவன். அதற்குப் பிறகு எவனுக்கு என்ன வந்தாலும் அவன்தான் மாத்திரை சொல்வான். நாலாவது ஆள் என் மச்சான், என் மனைவியின் அண்ணன். என்னைச் சேர்த்துவிட்டவர் அவர்தான். அதை மாதம் ஒரு தடவையாவது எல்லார் முன்னாலும் சொல்லிக்காட்டாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. என்னை இங்கிலீஸ் என்பார்கள். பத்தாவது வரை படித்தவன், லாரி ரசீதை எழுத்துக்கூட்டாமல் வாசிப்பவன் என்பதால்.

யார் முறை என்பதில் தினமும் சண்டை. சாயங்காலம் கடைசி லாரிக்கு அட்டி போட்டது யார் என்பது காலையில் ஐந்து பேருக்கு ஐந்து விதமாக ஞாபகம் இருக்கும். சுவரில் கரியால் எழுதிப் பார்த்தோம், எவனோ அழித்தான். "நீதான்டா அழிச்ச" என்று ஊமை டாக்டரைக் காலிப் பீப்பாய் மூடியால் அடித்ததில் டாக்டர் காதுக்குப் பின்னால் மூன்று தையல். தைக்கும்போதும் அவன் நர்சுக்கு மருந்துப் பெயர் சொல்லிக்கொண்டிருந்தான்.

அந்தச் சமயத்தில்தான் மொபைல் ரிப்பேர் கடையில் அந்தப் பெட்டியை வாங்கினேன். லாரிக்கும் லாரிக்கும் நடுவே ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் சும்மா கிடக்க வேண்டியிருக்கும். அவர்கள் மூஞ்சியைப் பார்ப்பதற்கு எதையாவது பார்க்கலாம் என்று வாங்கினேன். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிசு, நீல நிறம், பொத்தான்களில் எழுத்தெல்லாம் தேய்ந்துபோயிருந்தது. ஒழுங்காக ஓடுவது ஒரே ஒரு கேம். இருபத்தைந்து வருஷத்துப் பழசு. ஐந்து வீரர்கள் ஒரு பாதாளக் கோட்டைக்குள் இறங்கி, தளம் தளமாகப் பேயையும் எலும்புக்கூட்டையும் வெட்டிக்கொண்டே போய், அடியில் உட்கார்ந்திருக்கும் இருள் ராஜாவைக் கொல்ல வேண்டும். நாம் ஒரு அடி, அவன் ஒரு அடி என்று மாறி மாறி நடக்கிற சண்டை. லாரி வந்தால் அப்படியே வைத்துவிட்டுப் போகலாம். பேய் கையை ஓங்கியபடியே மரியாதையாகக் காத்திருக்கும்.

தோள் மேல் தலையை நீட்டிப் பார்த்த ஊமை, "அஞ்சு பேருடா! நாமளும் அஞ்சு பேரு!" என்றான். அவ்வளவுதான், பெட்டி என்னுடையதாக இருந்தது அன்றோடு முடிந்தது. கொக்கி கோடரிக்காரனை எடுத்துக்கொண்டார். ஊமைக்கு வில். டாக்டர் வைத்தியனைத்தான் எடுப்பான் என்று நினைத்தோம், வாள்தான் வேண்டும் என்று அடம்பிடித்தான். வைத்தியன் மச்சான் தலையில் விழுந்தான். "என்னடா இவன், முக்காடு போட்டுக்கிட்டு" என்று ஒரு வாரம் புலம்பினார். மிஞ்சிய மந்திரவாதி எனக்கு. தாடி, கையில் தடி, ஊதினால் விழுகிற உடம்பு. ஆனால் அவன் ஒரு தடவை நெருப்பை ஏவினால் எதிரில் நிற்கிற அத்தனை பேயும் எரியும்.

திரையின் ஓரத்தில் ஐந்து முகமும் மேலிருந்து கீழாக நிற்கும். மேலே இருப்பவன் முன்னால் நடப்பான். அடியெல்லாம் முதலில் அவனுக்கு. அதைப் பார்த்துக்கொண்டே இருந்த கொக்கி ஒரு நாள் தொடையில் தட்டினார்.

"இதுதான்டா முறை. மேல நிக்கிறவன் அடுத்த வண்டிக்கு அட்டி. வண்டி முடிஞ்சதும் அவனை அடியில தள்ளு. எழுத்து வேணாம், மூஞ்சி இருக்கு. எவனும் பொய் சொல்ல முடியாது."

அன்றிலிருந்து சண்டை நின்றது. லாரி முடிந்ததும் ஐந்து பேரும் கூடி நிற்க, நான் மேலே இருக்கிற முகத்தை அடிக்கு அனுப்பி சேவ் செய்வேன்.

ஆனால் அதே வரிசையில்தான் கேமும் நடந்தது. என் மந்திரவாதி மேலே வருகிற நேரமெல்லாம் முதல் பேயின் முதல் அடியில் செத்தான். "இவனைப் பின்னால வெக்கணும்ணே, கேம்லயே அப்படித்தான் போட்டிருக்கு" என்றேன்.

"அது என்ன, மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையா பின்னாலயே உக்காந்திருக்க?" என்றான் ஊமை.

"முறைன்னா முறை" என்றார் கொக்கி. "அங்க ஒண்ணு இங்க ஒண்ணு வெச்சா எல்லாம் குழம்பிடும்."

செத்தவனை மேலே தூக்கிவந்து ஒரு துறவியிடம் கொடுத்தால் உயிர் வரும். ஆனால் ஒவ்வொரு தடவையும் உடம்பில் ஒரு புள்ளி குறையும், அது திரும்பவும் ஏறவே ஏறாது. அதையும் வாசித்துச் சொன்னேன். "நமக்கு மட்டும் ஏறுதாக்கும்?" என்றார் கொக்கி. அந்த கேமை உலகத்தில் எங்களைப் போல முட்டாள்தனமாக ஆடியவர்கள் இருக்க மாட்டார்கள். மற்றவர்கள் ஒரு மாதத்தில் முடிப்பதை நாங்கள் எட்டு மாதமாக இழுத்தோம்.

அதில் ஐந்தாவது மாதம், ஒரு சர்க்கரை மூட்டையை மேல் வரிசைக்குத் தள்ளும்போது என் வலது தோளுக்குள் துணி கிழிகிற சத்தம் கேட்டது. எனக்கு மட்டும்தான் கேட்டது. அதற்குப் பிறகு அந்தக் கை மார்பு வரை வரும். அதற்கு மேல், வாடகைக்கு வாங்கின கை மாதிரி நின்றுவிடும். தைலம், ஒத்தடம், டாக்டரிடம் கேட்காமல் நானே வாங்கிய மாத்திரை, எதுவும் ஆகவில்லை. "உங்கண்ணன்கிட்ட மட்டும் மூச்சு விட்டுடாதே" என்று மனைவியிடம் சொல்லிவைத்தேன்.

பகலில் வருகிற லாரிகள் பரவாயில்லை. தவிடு, சோப்புப் பெட்டி, அட்டை. பல்லைக் கடித்துக்கொண்டு சமாளிப்பேன். சர்க்கரை லாரிதான் எமன். அது தினமும் காலையில் முதல் வண்டியாக வரும். என் முகம் சாயங்காலம் மேலே வந்து நின்றால், மறுநாள் சர்க்கரை எனக்கு. அந்த மாதிரி நாட்களில் பெட்டியை வீட்டுக்கு எடுத்துப்போய், வரிசையை ஒரு முகம் அதிகமாகத் தள்ளி வைத்தேன். மேலே இருந்த நான் அடிக்குப் போவேன், எனக்கு அடுத்தவர் மேலே வருவார். எனக்கு அடுத்தவர் மச்சான்.

வேறு யாராக இருந்திருந்தாலும் தள்ளியிருப்பேன். மச்சானாக இருந்தது வசதி. ஐந்து பேரில் கணக்கு வராதவர் அவர்தான் என்று நினைத்திருந்தேன்.

எட்டாவது மாதத்தில் ஒரு நாள் காலை, சர்க்கரை லாரி இன்னும் வரவில்லை. காலிச் சாக்குகள் மேல் வட்டமாக உட்கார்ந்திருந்தோம். கேமில் கடைசித் தளத்துக்கு வந்துவிட்டோம். எதிரில் இருள் ராஜாவின் கதவு. ஊமைக்கு உட்கார முடியவில்லை.

"திறடா, திறடா. எட்டு மாசம். என் பொண்டாட்டி பிள்ளை பெத்தப்பகூட எனக்கு இப்படி இருக்கல."

"இரு" என்றார் கொக்கி. "ராஜா எங்கயும் போக மாட்டான். இங்கிலீஸு, அந்த சேவ் பக்கத்தைத் திற."

"எதுக்குண்ணே?"

"திறன்னா திற."

திறந்தேன். சேவ் செய்ய மூன்று கட்டம் உண்டு. நான் எப்போதும் முதல் கட்டத்தில்தான் செய்வேன், மற்ற இரண்டும் காலிதானே என்று அந்தப் பக்கம் பார்ப்பதே இல்லை. அன்றைக்கு இரண்டாவது கட்டம் காலியாக இல்லை. ஒவ்வொரு கட்டத்திலும் ஐந்து முகமும் சின்னதாக வரிசையில் தெரியும். முதல் கட்டத்தில் மச்சானின் முக்காட்டு வைத்தியன் மேலே, என் தாடிக்காரன் அடியில். இரண்டாவதில் என் தாடிக்காரன் மேலே இருந்தான்.

"யாரு போட்டது இது?" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"நான்தான்."

"உங்களுக்கு எப்படி…"

"எட்டு மாசமா உன் விரலைத்தானேடா பாத்துட்டு இருக்கேன். சாயங்காலம் நீ பைப்புல மூஞ்சி கழுவப் போறப்ப, கீழ ஒரு தட்டு, ஒரு அமுக்கு. இதுக்குப் பத்தாவது படிக்கணுமா?" பெட்டியைப் பிடுங்கவில்லை, விரலால் மட்டும் திரையைத் தொட்டார். "நேத்து சாயங்காலம் கடைசி வண்டி முடிஞ்சப்ப நீ மேல இருக்க. காலையில அடியில கிடக்க. ராத்திரி உன் வீட்டுக்கு எந்த லாரிடா வந்துச்சு?"

ஊமை வாயைத் திறந்து, ஒன்றும் வராமல் மூடினான். அவனை அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை. பிறகு மொத்தமாக வந்தது. என் அம்மாவில் ஆரம்பித்து, நான் படித்த பள்ளிக்கூடம் வரைக்கும் போனான்.

"ஒரு தரமா, ரெண்டு தரமா?" என்றான் டாக்டர்.

"ஆறு வாரமா பாக்கிறேன். ஏழு தரம்" என்றார் கொக்கி. "ஏழும் சர்க்கரை. ஏழும் உன் மச்சான் முதுகுல."

மச்சான் சாக்கிலிருந்து நூலைப் பிரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை.

"மச்சான், உங்களுக்குத் தெரியுமா?"

"எனக்குத் தெரியாட்டி என் முதுகுக்குத் தெரியாதா மாப்ளே?" நூல் அறுந்தது. "தங்கச்சி புருஷனாச்சேன்னு வாயை மூடிட்டு இருந்தேன். எங்கப்பன் உனக்குக் கட்டிக் குடுத்தது பொண்ணைத்தான். என் முதுகையும் சேத்துக் குடுக்கல."

டாக்டர் சிரித்தான். மச்சான் அவனைப் பார்த்த பார்வையில் நிறுத்தினான்.

கொக்கி என் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தினார். அவர் கத்தும்போது பயமில்லை, தாழ்த்தும்போதுதான்.

"ஒண்ணு கேக்கிறேன். யோசிச்சு சொல்லு. கையா, சோம்பேறித்தனமா?"

இந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று ஐந்து பேருக்கும் தெரியும். கை என்றால் இப்போதே எழுந்து போக வேண்டும், அந்தக் குடல் இறங்கியவன் போன மாதிரி. சோம்பேறித்தனம் என்றால் தண்டனை. விட்ட முறையெல்லாம் சேர்த்து, ஏழு வண்டிக்கும் தொடர்ச்சியாக அட்டி. போட்டு முடித்தால் பழையபடி ஆள். நாலு பேர் காறித் துப்புவார்கள், துப்பட்டும். இந்த ஊரில் வேறு கேங்குகள் இருக்கின்றன. ஆனால் ஒரு கேங்கிலிருந்து கை போய் வந்தவனை இன்னொரு கேங் வாசலில்கூட நிற்க விடாது. மூட்டை தவிர எனக்கு வேறு வேலை தெரியாது. பத்தாவது படித்ததற்கு எவனும் நாற்காலி போடவில்லை.

"சோம்பேறித்தனம்தான்ணே" என்றேன்.

கொக்கி நம்பினாரா என்று தெரியவில்லை. மச்சான் பக்கம் திரும்பினார். "உன் வீட்டு ஆளு. நீ சொல்லு."

மச்சான் இப்போது என்னைப் பார்த்தார். முகத்தை இல்லை, வலது தோளை. அவருக்குத் தெரிந்திருந்தது. தங்கச்சி சொல்லாமலா இருந்திருப்பாள். வாசலில் லாரி பின்னால் வருகிற சத்தம் கேட்டது. டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடித்தான்.

"சோம்பேறிதான்" என்றார் மச்சான். "கல்யாணத்துக்கு முன்னாலயே சொன்னேன், எவன் கேட்டான்?"

அதை எனக்கு உதவியாகச் சொன்னாரா, பழி வாங்கச் சொன்னாரா, இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. பெட்டியை அணைத்துப் பையில் போட்டுவிட்டு உள்ளே போனேன்.

முந்நூற்றிருபது மூட்டை. கொக்கியும் ஊமையும் வண்டி மேல். டாக்டரும் மச்சானும் சுமப்பு. இடுப்பு வரைக்கும் போனதே தெரியவில்லை. இடது கையால் மூட்டையின் காதை, அந்தத் தைத்த மூலையைப் பிடித்து, முழங்காலால் தள்ளினேன். மார்பு வரைக்கும் இடது தோளையும் தலையையும் கொடுத்து ஏற்றினேன். டாக்டர் ஒவ்வொரு மூட்டையோடும் ஒரு வார்த்தை கொண்டுவந்து போட்டான்.

"என்ன இங்கிலீஸு, மந்திரம் சொன்னா தானா ஏறாதா?"

"தாடி வளத்துப் பாரு."

"வேணா ஒரு மாத்திரை சொல்லவா? சோம்பேறிக்குன்னே ஒண்ணு வந்திருக்கு."

மச்சான் மூட்டையை என் காலுக்கு ஒரு விரல் தள்ளி விழும்படி போட்டுவிட்டுப் போவார். தூக்கித் தரலாம். அட்டி போடுகிறவன் மேல் வரிசைக்கு வந்துவிட்டால் சுமக்கிறவன் மார்பு உயரத்துக்குத் தாங்கிக் கொடுப்பது வழக்கம்தான். அவர் கொடுக்கவில்லை.

கடைசி இரண்டு வரிசை தலைக்கு மேல். ஒரு மூட்டையின் மேல் ஏறி நின்றேன். இங்கேதான் பூட்டு. மேல் மூட்டை கீழ் இரண்டு மூட்டையின் நடுக்கோட்டில் விழ வேண்டும். விழுந்த பிறகு இரண்டு கையாலும் குத்தி ஒரு சாண் உள்ளே தள்ள வேண்டும். தள்ளினால்தான் அது உட்காரும். தள்ளாவிட்டால் விளிம்பில் நிற்கும். முன்னாலிருந்து பார்க்கிறவனுக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். நான் நெற்றியால் முட்டி ஏற்றினேன். இடது கையால் நகர்த்தினேன். வலது கையைத் தூக்க முயன்றபோதெல்லாம் கண்ணில் பூச்சி பறந்தது. இரண்டு வரிசையில் ஒன்றைக்கூடக் குத்தி உட்கார வைக்க முடியவில்லை.

முடிந்தது. முந்நூற்றிருபதும் மேலே. கொக்கி வந்து வாசலில் நின்று அட்டியை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். நான் கையை இடுப்பில் ஊன்றி, சும்மா களைத்தவன் மாதிரி நின்றேன்.

"ம்" என்றார். "ஆறு பாக்கி. அடுத்ததும் நீதான்."

போய்விட்டார். என் இடம் எனக்கே இருந்தது. அடுத்தது தவிடு, அதற்கடுத்தது அட்டைப்பெட்டி. நாளைக்குக் காலையில் மறுபடி சர்க்கரை வரும்போது பார்த்துக்கொள்ளலாம். ஒருவேளை கை சரியாகிவிடலாம். அந்த நிமிடம் அப்படித்தான் நினைத்தேன். எனக்குச் சிரிப்புகூட வந்தது.

மச்சான் துடைப்பத்தோடு வந்தார். சிந்திய சர்க்கரையைக் கூட்டுவது சுமக்கிறவர்கள் வேலை. அட்டிக்கு அடியிலேயே, நடைபாதையில் குனிந்து கூட்ட ஆரம்பித்தார். மேலே கடைசி வரிசையில் மூன்றாவது மூட்டை ஒரு விரற்கடை முன்னால் வந்திருந்தது. வைக்கும்போது அது அங்கே இல்லை. அதன் அடியிலிருந்து கொஞ்சம் தூசு மச்சானின் முதுகில் விழுந்தது. அவர் கவனிக்கவில்லை. மூலையில் இருந்ததை விரலால் வழித்துக்கொண்டிருந்தார்.

கத்தினால் ஏன் என்பார்கள். ஏன் என்று சொன்னால் நான் போக வேண்டும். அவர் இன்னும் பத்துத் தடவை துடைப்பத்தை இழுத்தால் அந்தப் பக்கம் போய்விடுவார். விழாமலும் போகலாம். எத்தனை அட்டி சாய்ந்த மாதிரி நின்று மாதக்கணக்காக விழாமல் இருந்திருக்கிறது. நான் பேசாமல் நின்றேன். ஒரு நொடி என்று எழுதினால் பொய். அவர் துடைப்பத்தை நாலு தடவை இழுக்கிறவரைக்கும் நின்றேன்.

"மச்சான், அங்கிருந்து வாங்க."

"உன் வேலையைப் பாரு."

"வாங்கன்னு சொல்றேன்ல!"

அவர் நிமிர்ந்து, அட்டியில் முதுகைச் சாய்த்துக்கொண்டே திரும்பினார். "நீ யாருடா எனக்குச் சொல்றதுக்கு? ஏழு நாள் உன் பொணத்தைச் சுமந்திருக்கேன். நீ எனக்கு…"

"என் கை ஏறல மச்சான்! மேல ரெண்டு வரிசை பூட்டல! சும்மா நிக்குது!"

அவர் மேலே பார்க்கவில்லை. மூட்டைக்காரனுக்குப் பார்க்க வேண்டியதில்லை. துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஒரே எட்டில் என் பக்கம் வந்தார். கத்தல் கேட்டு மற்றவர்களும் வந்தார்கள். கொக்கி ஒரு மூங்கிலை எடுத்து, தூரத்தில் நின்று, மேல் வரிசையை லேசாகத் தொட்டார். நாலு மூட்டை வந்து விழுந்தது. ஒன்று துடைப்பத்தின் மேல் விழுந்து வெடித்து, சர்க்கரை எங்கள் கால் வரைக்கும் ஓடிவந்தது.

கொக்கி மூங்கிலைச் சாய்த்து வைத்துவிட்டு வந்து என் வலது கையைப் பிடித்துத் தூக்கினார். மார்பு தாண்டியதும் நான் கத்தினேன். விட்டுவிட்டார்.

"எத்தனை நாளா?"

"மூணு மாசம்."

"அப்பவே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"சொல்லியிருந்தா வெச்சிருப்பீங்களா?"

"மாட்டோம்."

"அப்புறம் என்ன கேள்வி?"

கொக்கி தலையாட்டினார், சரியான பதில்தான் என்பது போல. "பையை எடுத்துட்டுப் போ. நாளைக்கு வேற ஆளு வருவான்."

டாக்டர் தரையைப் பார்த்தான். ஊமைக்குத்தான் பொறுக்கவில்லை. "அண்ணே, பெட்டி? ராஜா கதவுல நிக்கிறோம்ணே. இவன் போனா யாரு படிக்கிறது?"

"பெட்டி இங்க இருக்கட்டும்" என்றார் கொக்கி. "முறைக்கு வேணும்."

"என் காசுல வாங்கினது" என்றேன். "முறைக்குத்தானே? புது ஆளு வர்ற வரைக்கும் நாலு பேருதான். விரல்ல எண்ணிக்கங்க. ஒரு விரல் குறைஞ்சாலும் கை நிறையவே இருக்கு உங்களுக்கு."

ஊமை என் மேல் பாய வந்தான். டாக்டர் பிடித்துக்கொண்டான். "விடுடா, நொண்டிக் கையை அடிச்சு என்ன ஆகப் போகுது" என்றான். அவன் சொன்னதிலேயே கருணையாக இருந்தது அதுதான்.

அவர்கள் மேல் இரண்டு வரிசையையும் பிரித்து இறக்க ஆரம்பித்தார்கள். திரும்பவும் போட வேண்டும். தவிட்டு லாரி வேறு வாசலில் வந்து நின்றுவிட்டது. பையை இடது தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். பலகையைத் தாண்டியபோது பின்னால் காலடி கேட்டது. மச்சான். உடம்பெல்லாம் சர்க்கரைத் தூசு. முதுகில் விழுந்ததை இன்னும் தட்டவில்லை.

"தங்கச்சிகிட்ட நீ சொல்றியா, நான் வந்து சொல்லவா?"

"நானே சொல்லிக்கிறேன்."

"ம்."

போவார் என்று பார்த்தேன். போகவில்லை. பலகையின் முனையைக் காலால் நகர்த்தி நேராக வைத்தார். ஏற்கெனவே நேராகத்தான் இருந்தது.

"நான் குனிஞ்சிருந்தப்ப," என்றார், "எவ்ளோ நேரம் பாத்துட்டு நின்ன?"

பொய் சொல்லியிருக்கலாம். அன்றைக்குச் சொன்ன பொய்களோடு ஒன்று.

"கொஞ்ச நேரம்" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். உள்ளே கொக்கி அவரைக் கூப்பிட்டார். மறுபடி கூப்பிட்டார்.

"அதை மட்டும் அவகிட்ட சொல்லாதே" என்று சொல்லிவிட்டு மச்சான் உள்ளே போனார்.